ஃபோபோஸைப் படமெடுக்க எத்தனை கி.மீ. கிட்டப் போக வேண்டும்?

கதிர்வில்லை:
செவ்வாயின் துணைக்கோளான ஃபோபோஸை மங்கள்யான் 2020 ஜூலை 1 அன்று எடுத்த படத்தை முழு அளவில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கலம் அப்போது செவ்வாயிலிருந்து சுமார் 7,200 கி.மீ., ஃபோபோஸிலிருந்து 4,200 கி.மீ. தொலைவில் இருந்தது. ஒரு பிக்சலுக்கு 210 மீ. என்று இஸ்ரோ குறிப்பிட்டது. ஸ்டிக்னி பள்ளம் தெளிவாகத் தெரிகிறது. ஷ்க்லோவ்ஸ்கி, ரோஷ், கிரில்ட்ரிக் பள்ளங்களையும் அடையாளம் காண முடிகிறது. ஆனால் ஃபோபோஸின் முகத்தில் ஓடும் அந்தப் பிரபலமான வரிப்பள்ளங்கள் கண்ணில் படவில்லை.

ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் கலம் 100 கி.மீ.க்கும் குறைவான தூரத்தில் போயிருக்கிறது. செவ்வாயைச் சுற்றும் நாசா கலம் ஒன்றில் உள்ள ஹைரைஸ் காமிராவோ 2008-இல் 6,800 கி.மீ. தூரத்திலிருந்தே ஒரு பிக்சலுக்கு 6.8 மீ. கொடுத்துவிட்டது. அப்படியானால் தூரம் முக்கியமா, லென்ஸ் முக்கியமா, எக்ஸ்போஷரா (ஒளியைப் பதியவிடும் நேரம்)? ஒரு சின்னத் துணைக்கோளைப் படமெடுக்கத் திட்டமிடுபவர் முதலில் எதைக் கணக்குப் பார்ப்பார்?

சுழலச்சு:
முதலில் பார்ப்பது ஒரு பிக்சலின் கோணம். சென்சாரில் ஒரு பிக்சலின் அகலத்தைக் குவியத் தூரத்தால் வகுத்தால் அது கிடைக்கும். மங்கள்யானின் வண்ணக் காமிராவில் பிக்சல் 5.5 மைக்ரோமீட்டர், குவியத் தூரம் 105 மி.மீ. வகுத்தால் சுமார் 52 மைக்ரோரேடியன் (ஆயிரம் கி.மீ. தொலைவில் உள்ள ஒரு மீட்டர் எடுக்கும் கோணம் ஒரு மைக்ரோரேடியன்). அதை 4,200 கி.மீ.யால் பெருக்கினால் 220 மீ.; நீங்கள் சொன்ன 210-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஃபோபோஸின் நீண்ட அச்சு சுமார் 27 கி.மீ., ஆகவே படத்தில் அது 120 பிக்சல் சொச்சம். சட்டகமோ 2048-க்கு 2048. படத்தின் பெரும்பகுதி கறுப்பு வானம்தான்.

வரிப்பள்ளங்கள் தெரியாததற்கும் இதே கணக்கில் பதில் இருக்கிறது. அவற்றின் அகலம் பெரும்பாலும் 100 முதல் 200 மீ., ஆழம் 10 முதல் 20 மீ. ஒரு பிக்சலுக்குள் பள்ளமும் அதன் இரு கரைகளும் சேர்ந்து அடங்கிவிட்டால் வெளிச்சமும் நிழலும் கலந்து சராசரி சாம்பல் நிறம் மட்டுமே மிஞ்சும். ஒரு அமைப்பு படத்தில் உருவம் பெற குறைந்தது மூன்று நான்கு பிக்சலாவது அதன் மேல் விழ வேண்டும்.

ஹைரைஸின் குவியத் தூரம் 12 மீ., பிக்சல் 12 மைக்ரோமீட்டர். கோணம் சரியாக 1 மைக்ரோரேடியன். அதனால்தான் 6,800 கி.மீ.க்கு 6.8 மீ. என்று எண்கள் அப்படியே ஒத்துப்போகின்றன. 50 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கி அது. மங்கள்யான் காமிரா மொத்தமே ஒன்றேகால் கிலோ சொச்சம். இரண்டையும் தரத்தில் ஒப்பிடுவது நியாயமில்லை. செவ்வாய் முழுவதையும் ஒரே சட்டகத்தில் வண்ணத்தில் பிடிக்கக் கட்டப்பட்ட காமிரா அது. அந்த வேலையை மிக நன்றாகச் செய்தது.

அரைநிழல்:
பிக்சல் கணக்கு முடிந்ததும் வெளிச்சம். இங்கேதான் பலர் செவ்வாய்க்கு வைத்த எக்ஸ்போஷரை ஃபோபோஸுக்கும் வைத்துவிட்டு, கறுப்புக் கட்டி ஒன்றைப் படமாகப் பெறுகிறார்கள்.

ஃபோபோஸ் தன் மேல் விழும் ஒளியில் ஏழு சதவீதம் அளவுக்கே திருப்பி அனுப்புகிறது. சிவப்பு ஒளியில் செவ்வாய் அதைப்போல மூன்று நான்கு மடங்கு பிரகாசம். பூமியில் வெயிலில் படமெடுப்போருக்குத் தெரிந்த பழைய விதியை வைத்தே தோராயம் போடலாம்: உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 100, ஒளித்துளை எஃப்/16 (எண் கூடினால் துளை சிறிது), எக்ஸ்போஷர் நொடியில் 100-இல் ஒரு பங்கு. மங்கள்யான் காமிரா எஃப்/4, ஆகவே 16 மடங்கு ஒளி கூடுதல். 1,600-இல் ஒரு பங்கு போதும். செவ்வாய்த் தொலைவில் வெயில் சராசரியாக 2.3 மடங்கு குறைவு. 690-இல் ஒரு பங்கு. விதி 18 சதவீதச் சாம்பல் நிறத்துக்கானது, நம்மிடம் இருப்பது 7. ஆக 270-இல் ஒரு பங்கு. இதுவரை சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருப்பதாகக் கணக்கு.

சூரியன், ஃபோபோஸ், காமிரா மூன்றுக்கும் இடையிலான கோணம் கூடக்கூட ஃபோபோஸ் வேகமாக மங்கும். ஒரு பாகைக்குச் சுமார் 0.033 மேக்னிடியூட் (பிரகாச அலகு; ஒன்று கூடினால் ஒளி இரண்டரை மடங்கு குறையும்). 60 பாகையில் இரண்டு மேக்னிடியூட், அதாவது மொத்த ஒளி ஆறில் ஒரு பங்கு. அதில் ஒரு பகுதி, முகத்தில் கால்வாசி இருளில் போவதால் வரும் இழப்பு. ஒளிபடும் பரப்பை மட்டும் எடுத்தால் நாலரை மடங்கு மங்கல். முடிவில் 57-இல் ஒரு பங்கு, சுமார் 17 மில்லிநொடி. சென்சாரின் உண்மையான உணர்திறனுக்கு ஏற்ப இது இரண்டு மூன்று மடங்கு மாறலாம். எந்த அளவில் தொடங்குவது என்பதற்கு இது போதும்.

ஏன் 60 பாகை என்கிறேன் என்றால், சூரியன் நேர் பின்னால் இருந்தால் நிழலே விழாது. பள்ளமும் மேடும் தட்டையாகிவிடும். நிலவமைப்பு வேண்டுமானால் 50 முதல் 90 பாகை நல்லது. பரப்பின் நிறமும் பிரதிபலிப்பும் வேண்டுமானால் 20-க்குக் கீழே போகலாம்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். செவ்வாயின் பாதை நீள்வட்டம். சூரியனுக்கு அருகில் இருக்கும்போது சதுர மீட்டருக்கு 710 வாட் அளவு, தொலைவில் 490. அதே எக்ஸ்போஷர் அட்டவணையை ஆண்டு முழுவதும் வைத்தால் ஒரு பருவத்தில் வெளுத்துப் போகும்.

கதிர்வில்லை:
17 மில்லிநொடி என்றால் கலத்தின் வேகத்தில் படம் இழுபடாதா? எத்தனை பிக்சல் இழுபடும் என்று எப்படிப் பார்ப்பது?

அரைநிழல்:
ஃபோபோஸை ஒப்பிட்ட கலத்தின் வேகத்தைத் தூரத்தால் வகுத்தால் கோண வேகம். அதைப் பிக்சல் கோணத்தால் வகுத்தால் நொடிக்கு எத்தனை பிக்சல் என்று வரும். நொடிக்கு 3 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், 4,200 கி.மீ. தூரத்தில் நொடிக்கு 0.71 மில்லிரேடியன், அதாவது 710 மைக்ரோரேடியன். 52-ஆல் வகுத்தால் நொடிக்குச் சுமார் 13.6 பிக்சல். 17 மில்லிநொடிக்குக் கால் பிக்சல்கூட இல்லை. ஒரு பிக்சல் இழுபட 70 மில்லிநொடிக்கு மேல் ஆகும். அந்தப் படத்தின் நுணுக்கத்தைத் தீர்மானித்தது பிக்சல் அளவுதான்.

பொறிமதி:
அரைநிழல் அவர்களின் 3 கி.மீ. பற்றி ஒரு திருத்தம். ஃபோபோஸ் செவ்வாயின் நடுக்கோட்டை ஒட்டி, செவ்வாய் சுழலும் திசையிலேயே நொடிக்கு 2.14 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. மங்கள்யான் பாதையின் சாய்வு 150 பாகை. 90-ஐத் தாண்டிய சாய்வு என்றால் கலம் எதிர்த்திசையில் சுற்றுகிறது என்று பொருள். 2014-இல் நுழைந்த 422 கி.மீ. × 76,994 கி.மீ. பாதையை வைத்துப் பார்த்தால், 7,200 கி.மீ. உயரத்தில் கலத்தின் வேகம் நொடிக்கு 2.7 கி.மீ. அளவு. எதிரெதிரே ஓடும் இரண்டையும் திசையோடு கூட்டினால் ஒப்பு வேகம் 4-ஐத் தாண்டும்.

ஆனால் படத்தை இழுப்பது பார்வைக்கோட்டுக்குக் குறுக்கே உள்ள பகுதி மட்டும். நேரே நம்மை நோக்கி வரும் பொருள் பெரிதாகும், இழுபடாது. ஆகவே 3 என்பது மோசமான ஊகம் இல்லை. 4 என்று வைத்துக்கொண்டாலும் நொடிக்கு 18 பிக்சல்தான், 17 மில்லிநொடிக்கு மூன்றில் ஒரு பிக்சல். முடிவு மாறாது. திட்டமிடும்போது மட்டும் பெரிய எண்ணை எடுத்துக்கொள்வது நல்லது.

அரைநிழல்:
ஏற்றுக்கொள்கிறேன். எதிர்த்திசைச் சுற்றை நான் கணக்கில் எடுக்கவில்லை.

சுழலச்சு:
இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வரலாம். கிட்டப் போனால் நல்ல படம் வரும் என்பது ஓரளவுக்குத்தான் உண்மை. 2010 மார்ச் 3 அன்று மார்ஸ் எக்ஸ்பிரஸ் ஃபோபோஸை 67 கி.மீ. தூரத்தில் கடந்தது. 2013 டிசம்பர் 29 அன்று 45 கி.மீ. இரண்டுமே படத்துக்காக அமைத்தவை அல்ல. கலத்தின் ரேடியோ அலைவரிசை எவ்வளவு நகர்கிறது என்று அளந்து ஃபோபோஸின் ஈர்ப்பைக் கணிக்க வைத்தவை. நல்ல படங்கள் வந்தது 2010 மார்ச் 7-இல், 107 கி.மீ. தூரத்தில், எச்.ஆர்.எஸ்.சி. காமிராவில் ஒரு பிக்சலுக்கு 4.4 மீ.

அதே கலத்தில் எஸ்.ஆர்.சி. என்ற இன்னொரு காமிரா இருக்கிறது. குவியத் தூரம் 975 மி.மீ., பிக்சல் 9 மைக்ரோமீட்டர், கோணம் சுமார் 9.25 மைக்ரோரேடியன். 107 கி.மீ.யில் ஒரு பிக்சலுக்கு ஒரு மீட்டர்! கேட்க அருமையாக இருக்கும். ஆனால் கலத்தைத் திருப்பாமல் வைத்தால் நொடிக்கு 3 கி.மீ. வேகத்தில் அங்கே கோண வேகம் நொடிக்கு 28 மில்லிரேடியன், அதாவது 3,000 பிக்சல். இழுபடாமல் எடுக்க ஒரு மில்லிநொடியில் மூன்றில் ஒரு பங்கு எக்ஸ்போஷர் வேண்டும். எஃப்/9.2 ஒளித்துளையில், 7 சதவீதம் பிரதிபலிக்கும் பாறையிலிருந்து அந்த நேரத்தில் வரும் ஒளி மிகச் சொற்பம். சென்சாரின் சொந்த இரைச்சலில் அமுங்கிவிடும்.

இரண்டாவது தடை இதைவிடப் பெரியது: ஃபோபோஸ் எங்கே இருக்கிறது என்பது. மார்ஸ் எக்ஸ்பிரஸ் 2004-இல் படமெடுத்தபோது, ஃபோபோஸ் கணித்த இடத்துக்குச் சுமார் 5 கி.மீ. முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து கிலோமீட்டர் என்பது ஃபோபோஸின் ஓட்டத்தில் இரண்டே கால் நொடி. 4,200 கி.மீ. தூரத்திலிருந்து பார்த்தால் மங்கள்யான் காமிராவில் 23 பிக்சல். 2,048 பிக்சல் சட்டகத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் 100 கி.மீ. தூரத்தில் அதே 5 கி.மீ. கிட்டத்தட்ட 3 பாகை. எஸ்.ஆர்.சி.யின் மொத்தப் பார்வையே 0.54 பாகை. குறி வைத்த பள்ளத்துக்குப் பதில் எங்கோ ஒரு பாறை, அல்லது வெறும் கறுப்பு வானம்.

எனவே சின்னத் துணைக்கோளைப் படமெடுப்பது முதலில் இருப்பிடம் அறியும் வேலை, அதற்குப் பிறகுதான் காமிரா வேலை. தூரம் பாதியானால் ஒரு பிக்சலில் அடங்கும் தரையின் அகலம் பாதியாகும். ஆனால் இருப்பிடப் பிழை கோணத்தில் இரட்டிப்பாகும், இழுபடும் வேகமும் இரட்டிப்பாகும். இந்த மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் நல்ல தூரம் இருக்கிறது. அது ஒவ்வொரு காமிராவுக்கும் வேறு.

கதிர்வில்லை:
இது நான் எதிர்பார்க்காத கோணம். அப்படியென்றால் இருப்பிடப் பிழையை எப்படிக் குறைத்தார்கள்?

பொறிமதி:
படமெடுத்தே குறைத்தார்கள். எஸ்.ஆர்.சி. வரிசையில் முதல் படமும் கடைசிப் படமும் நீண்ட எக்ஸ்போஷர். ஃபோபோஸ் வெளுத்துப் போகும், ஆனால் பின்னணி விண்மீன்கள் பதியும். நடுவில் உள்ளவை குறைந்த எக்ஸ்போஷர். அவற்றில் ஃபோபோஸ் சரியாக வரும். விண்மீன்களின் இடம் மிகத் துல்லியமாகத் தெரியும் என்பதால், இரு முனைப் படங்களிலிருந்து காமிரா உண்மையில் எங்கே பார்த்துக்கொண்டிருந்தது என்று கண்டுபிடிக்கலாம். நடுப் படங்களில் ஃபோபோஸின் விளிம்பை வடிவ மாதிரியோடு பொருத்தி அதன் மையம் எந்தப் பிக்சலில் என்று எடுக்கலாம். இரண்டையும் சேர்த்தால் அந்தக் கணத்தில் ஃபோபோஸ் எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். இப்படிச் சேர்ந்த அளவீடுகளை வைத்துப் பாதையைத் திரும்பத் திரும்பத் திருத்தினார்கள்.

விளிம்பைப் பொருத்துவதில் ஒரு சிக்கல். ஃபோபோஸ் உருண்டை இல்லை. 27 × 22 × 18 கி.மீ. உள்ள கிழங்கு. ஒளிபடும் பக்கத்தின் நடுவை மையம் என்று எடுத்தால் 60 பாகைக் கோணத்தில் சில கிலோமீட்டர் தப்பும். ஒளிபட்ட விளிம்பை மட்டும் மாதிரியோடு பொருத்த வேண்டும். இருள் எல்லையை அறவே தொடக் கூடாது. அந்த எல்லை நிலமேடுகளைப் பொறுத்து நெளியும்.

எஸ்.ஆர்.சி. படங்களைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு குறையும் தெரியும்: ஒரு விண்மீன் புள்ளியாக இல்லாமல் இரட்டைபோல, இழுத்தாற்போலத் தெரியும். காமிராவுக்குள் வெப்பநிலை சீராக இல்லாததால் ஒளியியல் சற்றே கோணி நிற்பதன் விளைவு அது. அந்த விண்மீன் உருவத்தையே அளவாக வைத்துக் கணினியில் படத்தைத் திருப்பிக் கூர்மையாக்குவார்கள். விண்மீன் படங்கள் அதற்கும் பயன்படுகின்றன.

நீள்பார்வை:
வரிவரியாக எடுக்கும் காமிராக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எச்.ஆர்.எஸ்.சி., ஹைரைஸ் இரண்டும் சட்டகம் சட்டகமாக எடுப்பதில்லை. அவற்றில் இருப்பவை வரி சென்சார்கள். கலத்தின் ஓட்டமே படத்தை வரிவரியாக நீட்டுகிறது. செவ்வாய்த் தரைக்கு இது அழகாகப் பொருந்தும், ஏனெனில் தரை ஒரே வேகத்தில் கீழே நகர்கிறது. ஃபோபோஸுக்கு அப்படி இல்லை. வரி எடுக்கும் வேகமும் உருவம் நகரும் வேகமும் பொருந்தாவிட்டால் ஃபோபோஸ் சப்பையாகவோ நீளமாகவோ வரும். எச்.ஆர்.எஸ்.சி.யில் அது பின்னால் திருத்தக்கூடிய பிழை.

ஹைரைஸில் அப்படி விட முடியாது. ஒளி போதாமல் அது ஒரே வரியை 8, 32, 64 அல்லது 128 முறை தொடர்ந்து பதிந்து கூட்டுகிறது. உருவம் சென்சாரில் நகரும் வேகத்துக்குச் சரியாக மின்னூட்டமும் நகர வேண்டும். பொருந்தாவிட்டால் கூட்டும்போதே படம் குழம்பிவிடும். எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. பக்கவாட்டில் சிறிது சறுக்கினாலும் அப்படியே. அதனால் 2008 மார்ச் 23 அன்று செவ்வாயைப் பார்ப்பதை விட்டு, கலம் முழுவதையும் ஃபோபோஸ் பக்கம் திருப்பி, ஒரே சீராகச் சுழற்றி வருடினார்கள். இரண்டு படங்கள்: 6,800 கி.மீ.யில் ஒன்று, பத்து நிமிடம் கழித்து 5,800 கி.மீ.யில் ஒன்று. கோணம் மாறியதால் இரண்டும் சேர்ந்து முப்பரிமாணப் பார்வையும் கொடுத்தன.

இதில் எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று. ஹைரைஸின் முழு அகலம் 20,000 பிக்சல், ஆனால் வண்ணம் நடுவில் உள்ள சுமார் 4,000 பிக்சலில்தான். 6,800 கி.மீ.யில் அந்த வண்ணப் பட்டை 27 கி.மீ. அகலம். ஃபோபோஸ் நீளமும் 27 கி.மீ.! முழு உருவமும் வண்ணத்தில் வர வேண்டுமானால் குறி நூல் பிடித்தாற்போல நடுவில் இருக்க வேண்டும். சுழலச்சு சொன்ன அந்தப் பழைய 5 கி.மீ. பிழை இருந்திருந்தால் ஒரு பக்கம் வெறும் கறுப்பு வெள்ளையாகப் போயிருக்கும்.

கதிர்வில்லை:
அப்படியானால் மிகக் கிட்டத்தில் படமெடுக்கவே முடியாதா? கலத்தைச் சுழற்றி ஃபோபோஸைத் துரத்தினால்?

சுழலச்சு:
துரத்தலாம், ஒரு எல்லை வரை. கலத்தைத் திருப்புவது உள்ளே சுழலும் சக்கரங்களான ரியாக்‌ஷன் வீல்கள். அவற்றின் விசை குறைவு, கலமோ பல நூறு கிலோ. மிகக் கிட்டே கடக்கும்போது கோண வேகம் சில நொடிகளில் எகிறி, உடனே இறங்கும். வீல்கள் அந்த ஏற்றத்துக்கு ஈடுகொடுக்காது.

பொறிமதி:
இதற்குச் சனிக்கோளைச் சுற்றிய காசினி கலத்தின் குழு கண்ட வழி அழகானது. 2008 ஆகஸ்ட் 11 அன்று சனியின் துணைக்கோளான என்சலடஸை 50 கி.மீ. உயரத்தில், நொடிக்கு 17.7 கி.மீ. வேகத்தில் கடந்தார்கள். மிகக் கிட்டத்தில் கோண வேகம் நொடிக்கு 20 பாகை. துரத்துவது நடக்காத காரியம். அதனால் என்சலடஸ் ஓடப்போகும் திசையில் கலத்தை முன்கூட்டியே சுழற்றத் தொடங்கினார்கள். கலம் தன்னால் முடிந்த முழு வேகத்தை எட்டும் நேரத்தில் என்சலடஸ் பின்னாலிருந்து வந்து பார்வைக்குள் நுழைந்தது. இரண்டின் கோண வேகமும் நெருங்கியிருந்த அந்தச் சில நிமிடங்களில் ஏழு படங்கள். மிகச் சிறந்தது ஒரு பிக்சலுக்கு 7 மீ.; காசினியின் குறுகிய காமிராவுக்கு 6 மைக்ரோரேடியன் என்பதால் தூரம் அப்போது சுமார் 1,200 கி.மீ. கடந்தது 50 கி.மீ.யில், நல்ல படம் கிடைத்ததோ 1,200-இல். சுழலச்சு சொன்ன சந்திப்பு இதுதான்.

ஆனால் என்சலடஸ் 500 கி.மீ. விட்டம். குறி சிறிது தப்பினாலும் ஏதோ ஒரு தரை படத்தில் விழும். 22 கி.மீ. கிழங்குக்கு இதே உத்தியைப் போட்டால் தப்பும் வாய்ப்பு மிக அதிகம்.

நீள்பார்வை:
துரத்தாமல் காத்திருப்பது இன்னொரு வழி. கலத்தை விண்மீன்களை ஒப்பிட்டு அசையாமல் நிறுத்திவிட்டு, ஃபோபோஸ் பார்வையைக் கடக்கும்போது அடுத்தடுத்து எடுப்பது. அசையாத கலத்தில் அதிர்வு குறைவு, விண்மீன்கள் புள்ளியாக நிற்கும், இருப்பிட அளவீட்டுக்கு அருமை. தூரம் சில ஆயிரம் கி.மீ. இருந்தால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

சுழலச்சு:
நிலவமைப்பு வேண்டுமென்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எஸ்.ஆர்.சி. போன்ற காமிராவில் 1,000 கி.மீ. தூரத்தில்கூட நொடிக்கு 320 பிக்சல் ஓடும். 20 மில்லிநொடிக்கு ஆறு பிக்சல் இழுபடும். அங்கே சுழற்றியே ஆக வேண்டும். இருப்பிடம் அளக்கக் காத்திருப்பது, தரையைப் பார்க்கச் சுழற்றுவது என்று பிரித்துக்கொள்ளலாம்.

நீள்பார்வை:
அந்தப் பிரிவினை சரி.

கதிர்வில்லை:
மங்கள்யான் படம் ஆறு சட்டகங்களைச் சேர்த்தது என்று இஸ்ரோ சொல்லியிருந்தது. ஏன் ஆறு? சேர்ப்பதில் என்ன கவனிக்க வேண்டும்?

அரைநிழல்:
அந்தச் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு நிற வடிகட்டிதான்: நான்கில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். விட்டுப்போன நிறங்களை அண்டைப் பிக்சல்களிலிருந்து ஊகித்து நிரப்ப வேண்டும். 120 பிக்சல் உருவத்தில், கறுப்பு வானத்தோடு உரசும் விளிம்பில் இந்த ஊகம் தடுமாறும்; சிவப்பு, நீலக் கோடுகள் விழும். ஒவ்வொரு சட்டகத்திலும் ஃபோபோஸ் சற்றே வேறு பிக்சல்களில் விழுவதால், பல சட்டகங்களைச் சேர்க்கும்போது ஊகத்துக்குப் பதில் உண்மையான அளவீடு கிடைக்கிறது. இரைச்சலும் ஆறின் வர்க்கமூலம் அளவுக்கு, சுமார் இரண்டரை மடங்கு, குறையும்.

சேர்க்கும்போது நேரத்தைப் பாருங்கள். குறுக்கு வேகம் நொடிக்கு 3 கி.மீ. என்றால் பத்து நொடியில் கலம் 30 கி.மீ. நகர்ந்துவிடும். 4,200 கி.மீ. தூரத்தில் அது பார்வைக் கோணத்தில் 0.4 பாகை. ஃபோபோஸ் முகத்தின் நடுப்பகுதி விளிம்பை ஒப்பிட்டு 80 மீ. தள்ளித் தெரியும், மூன்றில் ஒரு பிக்சல் அளவு. அதுவரை படங்களை வெறுமனே நகர்த்தி அடுக்கலாம். ஒரு நிமிடம் என்றால் இரண்டு பிக்சல் தாண்டிவிடும். விளிம்பைப் பொருத்தினால் ஸ்டிக்னி மங்கும், ஸ்டிக்னியைப் பொருத்தினால் விளிம்பு இரட்டிக்கும். அந்த இடைவெளியில் ஒவ்வொரு சட்டகத்தையும் முப்பரிமாண வடிவ மாதிரியின் மேல் விரித்து, ஒரே பார்வைக் கோணத்துக்கு மாற்றிவிட்டுத்தான் அடுக்க வேண்டும்.

வரிசையும் முக்கியம். இருட்டுச் சட்டகத்தை (ஒளியே விடாமல் எடுத்தது) கழிப்பது, சீரற்ற உணர்திறனைத் திருத்துவது, சூடான பிக்சல்களை (ஒளி இல்லாமலே பளிச்சிடுபவை) நீக்குவது, இவையெல்லாம் விட்டுப்போன நிறங்களை நிரப்புவதற்கு முன். நிரப்பிய பிறகு ஒரு சூடான பிக்சல் அண்டையில் உள்ள எட்டுக்கும் பரவி ஒரு சிவப்புப் பொட்டாகிவிடும். அதைப் பள்ளம் என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு.

கதிர்வில்லை:
கோள்கள், கலங்களின் இடத்தைக் கணக்கிடும் நாசாவின் ஸ்பைஸ் மென்பொருளில் ஃபோபோஸ் இடத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். 4,200 கி.மீ. தூரத்துக்கு ஒளிப்பயணத் திருத்தம் (ஒளி வந்துசேரும் நேரத்துக்கானது) போட்டதும் இடம் 340 மீ. நகர்ந்துவிட்டது. 14 மில்லிநொடிப் பயணத்துக்கு இவ்வளவா?

பொறிமதி:
ஒளிப்பயணத் திருத்தத்தை மட்டும் போட்டு, ஒளிப்பிறழ்ச்சித் திருத்தத்தை (பார்ப்பவரின் ஓட்டத்தால் ஒளி வரும் திசை சாய்ந்து தெரிவதற்கானது) விட்டிருக்கிறீர்கள். ஸ்பைஸ் எல்லாவற்றையும் சூரியக் குடும்பத்தின் பொருண்மை மையத்தை வைத்துக் கணக்கிடுகிறது. செவ்வாய், ஃபோபோஸ், கலம் மூன்றும் சேர்ந்து நொடிக்கு 24 கி.மீ. வேகத்தில் ஓடுகின்றன. 14 மில்லிநொடிக்கு 24 கி.மீ. என்று பெருக்கினால் உங்கள் 340 மீ. வந்துவிடும். ஒளிப்பிறழ்ச்சித் திருத்தம் இதை ஏறக்குறைய முழுவதுமாக ஈடுகட்டிவிடும். மிஞ்சுவது ஃபோபோஸுக்கும் கலத்துக்கும் இடையிலான ஒப்பு ஓட்டம், அறுபது மீட்டருக்குள். ஆகவே 'எல்டி+எஸ்' என்று இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். 'எல்டி' மட்டும் போடுவது, எந்தத் திருத்தமும் போடாததைவிட மோசம்.

விண்மீன்களோடு ஒப்பிடும்போது நிலைமை வேறு. பட்டியலில் உள்ள விண்மீன் இடங்களுக்கு நீங்களே ஒளிப்பிறழ்ச்சியைச் சேர்க்க வேண்டும். அந்த 24 கி.மீ. வேகத்தில் அதிகபட்சம் 80 மைக்ரோரேடியன், எஸ்.ஆர்.சி.யில் கிட்டத்தட்ட 9 பிக்சல். மறந்தால் விண்மீன்கள் அத்தனையும் ஒரே பக்கம் தள்ளி நிற்கும், காமிராவின் பொருத்துகோணம் தப்பு என்று தோன்றும்.

கோப்புகளையும் சரிபாருங்கள். கோள்களுக்கான பொதுக் கோப்பில் செவ்வாய் மண்டலத்தின் மையம் மட்டும்தான் இருக்கிறது, எண் 4. ஃபோபோஸ் 401, செவ்வாயின் மற்றொரு துணைக்கோளான டெய்மோஸ் 402. இவற்றுக்குச் செவ்வாய்த் துணைக்கோள்களுக்கென்று உள்ள தனிக் கோப்பை ஏற்ற வேண்டும். பழைய கோப்பைப் புதிய படத்துக்குப் பயன்படுத்தினால் அந்தக் காலத்து இருப்பிடப் பிழை அப்படியே உங்கள் கணக்கில் வந்து உட்காரும்.

கதிர்வில்லை:
இரண்டும் சேர்த்துப் போட்டதும் சரியாகிவிட்டது. மிக்க நன்றி. டெய்மோஸுக்கும் இதே கணக்குகள்தானா?

நீள்பார்வை:
கணக்கு அதுவே, இடம் வேறு. இரண்டு துணைக்கோள்களும் ஒரே முகத்தைச் செவ்வாய்க்குக் காட்டுகின்றன. டெய்மோஸ் செவ்வாயின் மையத்திலிருந்து 23,460 கி.மீ.; அதற்கு உள்ளே சுற்றும் கலம் எத்தனை ஆண்டு சுற்றினாலும் அதன் பின்பக்கத்தைப் பார்க்காது. மங்கள்யானின் நீண்ட பாதை டெய்மோஸையும் தாண்டி வெளியே போனதால் அந்தப் பக்கத்தைப் பார்க்க முடிந்தது. அமீரகத்தின் ஹோப் கலம் 2023 மார்ச்சில் டெய்மோஸை 100 கி.மீ. அளவில் கடந்து அதே பக்கத்தை நுணுக்கமாகக் காட்டியது. ஃபோபோஸுக்கும் இப்படித்தான்: தாழ்வாகச் சுற்றும் ஹைரைஸ் கலத்துக்குச் செவ்வாயை நோக்கிய முகம், நீள்வட்டத்தில் வெளியே போய்வரும் மார்ஸ் எக்ஸ்பிரஸுக்கு மறுமுகமும்.

வெளியே இருந்து பார்க்கும்போது செவ்வாய் பின்னணியில் வந்துவிடும். 2025 மார்ச் 12 அன்று ஐரோப்பாவின் ஹெரா கலம் செவ்வாயைக் கடக்கையில் எடுத்த படங்களில் பளிச்சென்ற செவ்வாயின் முன்னால் டெய்மோஸ் ஒரு கறுத்த பொட்டாகத் தெரிந்தது நினைவிருக்கும். அங்கே டெய்மோஸுக்கு ஏற்ற எக்ஸ்போஷர் வைத்தால் செவ்வாய் வெளுத்து, அந்த ஒளி சென்சாரில் கசிந்து டெய்மோஸின் விளிம்பைத் தின்றுவிடும். இரண்டு அளவில் மாற்றி மாற்றி எடுப்பதே வழி.

அரைநிழல்:
திட்டமிடும்போது கடைசியாக ஒரு சோதனை: ஃபோபோஸ் அந்த நேரத்தில் செவ்வாயின் நிழலில் இருக்கிறதா என்று பாருங்கள். 7 மணி 39 நிமிடச் சுற்றில், செவ்வாயின் சம இரவு நாட்களை ஒட்டி, ஒவ்வொரு சுற்றிலும் 54 நிமிடம் வரை அது இருட்டில் இருக்கும். தூரம், கோணம், வேகம் எல்லாம் பொருந்திய நேரம் அந்த 54 நிமிடத்துக்குள் விழுந்துவிட்டால் அடுத்த வாய்ப்பைத்தான் தேட வேண்டும்.

சுழலச்சு:
கூடவே ஒன்று. கிட்டே போய்ப் பல சட்டகங்களை ஒட்டி எடுப்பதாக இருந்தால் சதுரமாக அடுக்காதீர்கள். ஃபோபோஸின் இருப்பிடப் பிழை பெரும்பாலும் அது ஓடும் திசையில்தான் நீளும், குறுக்கே மிகக் குறைவு. சட்டகங்களை அந்தத் திசையில் வரிசையாக வையுங்கள். இரண்டுக்கு இரண்டு என்று சதுரமாக வைக்கும் நான்கைவிட, ஓட்டத் திசையில் நீளமாக வைக்கும் நான்கு, ஃபோபோஸைப் பிடிக்கும் வாய்ப்பை வெகுவாகக் கூட்டும்.